ஈ காக்கா இல்லாத கரை

எல்வா பீல் தீயணைப்புக் கொட்டகைக்குள் நுழைந்தபோது அவள் தலைமுடியில் புகை நாற்றம் இன்னும் போகவில்லை. அக்கா வெர்னாவின் கோட்டைப் போட்டிருந்தாள். அது கை எட்டவில்லை, மணிக்கட்டு இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தன்னுடைய கோட்டைப் புருஷன்மேல் போர்த்தி ஆம்புலன்சில் ஏற்றிவிட்டதோடு சரி, அது எங்கே போனதோ தெரியாது. மற்றபடி கைபேசியைத் தவிர சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு கரண்டிகூட மிச்சமில்லை. வீடு முந்தாநாள் மதியம் அடியோடு எரிந்துபோயிருந்தது.

உள்ளே ஐந்தாறு ஆண்கள் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். டிரிஸ்கோ துறையில் தீயணைப்பு என்பது சம்பளமில்லாத வேலை. எல்லாரும் சிங்கி இறால் பிடிக்கிறவர்கள், இல்லையென்றால் மட்டி தோண்டுகிறவர்கள். சங்கு ஊதினால் போட்டது போட்டபடி ஓடிவருவார்கள். எல்வாவின் புருஷன் மெர்லும் முப்பது வருஷம் இப்படி ஓடினவன்தான்.

"என்னடா, வண்டியத் துடைக்கிறீங்களா? நல்லாத் துடைங்க," என்றாள் எல்வா. "நேரத்துக்கு ஓடாத வண்டியில அழுக்கு எப்படிடா வந்துச்சு?"

யாரும் நிமிரவில்லை. தலைவன் ஆரின் ஆலி மட்டும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். மெர்லும் அவனும் ஒரே படகில் தொழில் கற்றவர்கள்.

"உக்காரு எல்வா. காப்பி போட்டிருக்கு."

"உங்க காப்பியில மண்ண அள்ளிப் போட! நான் காப்பி குடிக்கவா வந்தேன்? கேட்டதுக்குப் பதில் சொல்லு. என் வீட்டுல தீ மணி அடிச்சுதா இல்லையா?"

"அடிச்சுது."

"அடிச்சுதுல்ல? இங்கருந்து என் வீடு கூப்பிடு தூரம். அவன் அந்த ஒடஞ்ச இடுப்ப வச்சிக்கிட்டு, கையெல்லாம் வெந்துபோயி, முத்தத்துல ஊர்ந்து வந்து கெடந்தான். மணி அடிச்சிருச்சு, பசங்க வந்துருவானுங்க, வந்துருவானுங்கன்னு பாத்துக்கிட்டே கெடந்திருக்கான். நீங்க எங்கடா இருந்தீங்க?"

"இங்கதான் இருந்தோம்," என்றான் ஆரின்.

"இங்கயே இருந்தீங்களா! சீட்டு ஆடினீங்களா?"

"தப்பு நடந்துபோச்சு எல்வா. எங்க தப்புதான்."

டுவைட் என்று ஒருவன், மட்டி தோண்டுகிறவன், கதவை அடைக்கிற உடம்பு. அவன் வாயைத் திறந்தான். "அக்கா, அது வந்து..." ஆரின் அவனைப் பார்த்த பார்வையில் திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

அதுதான் எல்வாவுக்கு ஆகவே ஆகவில்லை. இந்த ஊர் ஆண்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்கிறவர்கள். இன்றைக்கு அடித்து வைத்த முளை மாதிரி நின்றார்கள். ஆரின் பெண்டாட்டி காலையில் கொடுத்தனுப்பிய பூசணிப் பணியாரத் தட்டை அவள் கையோடு கொண்டுவந்திருந்தாள். அதை வண்டியின் முன்பக்கத்தில் டங்கென்று வைத்தாள்.

"இதையும் நீங்களே தின்னுங்க. எங்களுக்கு வேண்டாம்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

*

கரைச் சாலை என்று ஒன்று துறையைச் சுற்றி வளைந்து போகிறது. அதில் இருக்கிற வீடுகளெல்லாம் கோடைக்காரர்களுடையவை. பாஸ்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வருவார்கள், வெயில் இருக்கிறவரை இருப்பார்கள், குளிர் தட்டினதும் சாவியை எல்வாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடுவார்கள். குழாயில் தண்ணீரை வடிப்பது, நாற்காலி மேஜைக்குத் துணி போர்த்துவது, எலிப்பொறி வைப்பது, பனி அடித்தால் கூரை தாங்குகிறதா என்று பார்ப்பது எல்லாம் அவள் வேலை. சாவிகள் அவள் சமையலறைச் சுவரில் ஆணிக்கொன்றாகத் தொங்கின. எந்தச் சாவி எந்தக் கதவுக்கென்று எதிலும் எழுதிவைத்ததில்லை. அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பிறகு இந்த மணிகள் வந்தன. திருட்டுக்கு ஒரு மணி, தீக்கு ஒரு மணி. அடித்தால் செய்தி மாவட்டத் தகவல் அறைக்குப் போகும், அங்கிருந்து கொட்டகைக்கு வரும். ஆளில்லாத வீட்டில் எலி ஓடினால் அடிக்கும். காற்றில் கதவு ஆடினால் அடிக்கும். ஒரு வீட்டில் பேரனின் பிறந்தநாளுக்குக் கட்டிய பலூனை அவிழ்க்காமலே பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அது தானாகக் கழன்று அறை அறையாக உலாத்தி ஊரையே எழுப்பிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஆரின் ஆட்கள் பாதி இழுத்த இறால் கூட்டைக் கடலிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். வந்து பார்த்தால் ஒன்றுமிருக்காது. கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே திரும்பிப் போவார்கள்.

போன ஜனவரியில் பாஸ்டன் டாக்டர் வீட்டில் தீ மணி அடித்தது. உறைபனி கண்ணாடியாய்ப் படர்ந்திருந்தது. வண்டி நிற்பதற்குள் குதிக்கிற பழக்கம் மெர்லுக்கு. குதித்தான், வழுக்கினான், இடுப்பு ஒடிந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், கூரையில் மாட்டியிருந்த புகைக் கருவிக்குள் ஒரு எட்டுக்கால் பூச்சி கூடு கட்டியிருந்தது.

மார்ச் மாதம் ஊர்க்கூட்டம். வருஷத்துக்கு ஒருநாள் ஊரே பள்ளிக்கூட ஹாலில் உட்கார்ந்து, பனி உருகச் சாலைக்கு உப்புப் போடுவது முதல் நாய்க்கு உரிமம் வரை கையைத் தூக்கித் தீர்மானிக்கும். மதியம் வேகவைத்த பீன்ஸும் கறுப்பு ரொட்டியும் உண்டு. எல்வா அதுவரை கூட்டத்தில் வாய் திறந்தவளில்லை. பீன்ஸ் சட்டியைத் தூக்கிவந்து வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்காருகிறவள். அன்றைக்கு எழுந்து நின்றாள்.

"ஒரு பூச்சிக்காக என் புருஷன் இடுப்ப ஒடச்சிக்கிட்டான். நாளைக்கு ஒரு எலிக்காக எவன் சாகப்போறான்? மணி அடிச்சா மொதல்ல சாவி வச்சிருக்கிறவங்களக் கூப்பிட்டுக் கேக்கட்டும். நெசம்னா வண்டி போகட்டும், பொய்யின்னா நிக்கட்டும். ஆளே ஆப்புடலைன்னா போய்ப் பாக்கட்டும். இதுல என்ன கஷ்டம்?"

ஆரின் எழுந்தான். "திருட்டு மணிக்குச் சரி எல்வா. தீ மணிக்கு வேண்டாம். தீ கேட்டுக்கிட்டு நிக்காது."

"மெர்ல் எந்த மணிக்கு விழுந்தான்? திருட்டு மணிக்கா?"

ஹாலில் சிரிப்பு எழுந்தது. ஆரின் உட்கார்ந்துவிட்டான். கைகள் உயர்ந்தன, சட்டம் நிறைவேறியது.

மணி வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டுக்காரரும், கூப்பிட்டால் வருகிற இரண்டு பேர் பெயரைக் கொடுக்க வேண்டும் என்றார்கள். கோடைக்காரர்களுக்கு இந்த ஊரில் வேறு யாரைத் தெரியும்? ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்வா பெயரைக் கொடுத்தார்கள், கூடவே மெர்ல் பெயரையும். எல்வா வேண்டாமென்று சொல்லவில்லை. வேண்டாமென்று சொல்லி அவளுக்குப் பழக்கமேயில்லை. கோடைக்குப் பிறகு போர்ட்லண்டிலிருக்கும் மகள் வந்து, அப்பா நாளெல்லாம் தனியாக உட்கார்ந்திருக்கிறாரே என்று அவர்கள் வீட்டிலும் ஒரு தீ மணியை மாட்டச் சொன்னாள். யார் பெயர் போட என்று கேட்டான் மாட்டவந்தவன்.

"அதே ரெண்டு பேருதான், வேற யாரு," என்று சிரித்தாள் எல்வா.

*

தீப்பிடித்த அன்றைக்குத் தென்கிழக்குக் காற்று. நவம்பரில் அது வந்தால் படகு எதுவும் வெளியே போகாது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். மழை பக்கவாட்டில் அடிக்கும்.

வாசல் கதவில் மாட்டுகிற கிறிஸ்துமஸ் வளையம் கட்டுகிற பருவம் அது. காட்டில் ஃபர் மரக்கொப்புகளை ஒடித்துவந்து, கம்பி வளையத்தில் சுற்றி, லாரிக்காரனிடம் கொடுத்தால் அவன் தெற்கே நகரங்களுக்குக் கொண்டுபோவான். இடுப்பு ஒடிந்த பிறகு மெர்லுக்கு உட்கார்ந்து செய்ய அது ஒன்றுதான் இருந்தது. சமையலறையில் ஜன்னல் உயரத்துக்குக் கொப்புக் குவித்திருந்தான். வீடு முழுக்கப் பிசின் வாசம்.

"அடுப்புகிட்ட வைக்காதேன்னு எத்தன தடவ சொல்றது," என்றாள் எல்வா, பூட்ஸை மாட்டிக்கொண்டே.

"ஈரமாக் கெடக்கு. தொட்டா வெரல் வெறைச்சுப்போகுது. கொஞ்சம் காயட்டும்."

"பிசினு பிடிச்சா நிக்காது, பாத்துக்க."

"முப்பது வருஷம் நெருப்ப அணைச்சவனுக்கு நெருப்பப் பத்திப் பாடம் எடுக்கிறியா? போ, உன் எசமானருங்க வீட்டு எலியப் போய்ப் பாரு."

அவள் சிரித்துக்கொண்டுதான் கிளம்பினாள்.

காற்றில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவை வரும்போதும் ஏதோ ஒரு வீட்டில் மணிப்பெட்டி குழம்பிப்போய் மாவட்டத் தகவல் அறைக்குச் செய்தி அனுப்பும். அங்கே ஷானா என்றொரு பெண் எல்வாவின் கைபேசிக்கு அடிப்பாள். எல்வா அவளைப் பார்த்ததில்லை. ஆனால் மார்ச்சிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது பேசிப் பேசி, அவள் பூனை குட்டி போட்டது முதல் எல்லாம் தெரியும். அன்றைக்குக் காலையிலிருந்து ஓயாமல் கூப்பிட்டாள். ஒரு வீட்டில் மணியை நிறுத்திவிட்டு, வெர்னாவிடம் வாங்கிவந்த காரில் ஏறினால் அடுத்த வீடு. அங்கே போனால் பழைய வீட்டிலேயே திரும்பவும். எல்வா நனைந்து தொப்பலாகிவிட்டாள். டாக்டர் வீட்டுப் படியில் நின்று சாவியைத் துழாவிக்கொண்டிருக்கும்போது மறுபடி ஷானா. எல்வா அவளிடம் இரண்டு வார்த்தை சொல்லிச் சிரித்துவிட்டு வைத்தாள்.

அதற்குப் பிறகு போன் அடிக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

டாக்டர் வீட்டு மாடியில் ஒரு ஜன்னல் திறந்துகொண்டு தரையெல்லாம் மழைத்தண்ணீர். துடைப்பத்தை எடுத்து ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே நிமிர்ந்தபோது துறைக்கு அந்தப் பக்கம், கரைச் சாலை முடிகிற இடத்தில், தன் வீட்டுப் பக்கமாகப் புகை தெரிந்தது. காற்று அதை அடித்துக் கடல்மேல் படுக்க வைத்திருந்தது.

"ஈர விறகப் போட்டுருக்கான், மடையன்," என்று வாய்விட்டுச் சொன்னாள். ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். தரையை முழுக்கத் துடைத்தாள். துடைப்பத்தைப் பிழிந்து அதன் இடத்தில் வைத்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கூரை உள்ளே விழுந்துவிட்டது. முற்றத்தில், அடுக்கி வைத்த இறால் கூடுகளுக்குப் பக்கத்தில், மெர்ல் குப்புறக் கிடந்தான். செத்துவிட்டான் என்றுதான் நினைத்தாள். புரட்டினாள், கண் திறந்திருந்தது.

"வரல எல்வா," என்றான். "ஒருத்தனும் வரல."

அவள் போனை எடுத்து அலறினாள். அலறிய பிறகு வண்டி வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! அவள் மெர்லைக் கோட்டால் போர்த்தி முடிப்பதற்குள் சங்குச் சத்தம் கேட்டுவிட்டது. அத்தனை பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். அதுதான் அவளுக்கு வயிறு எரிந்தது. கொட்டகை குன்றுக்குப் பின்னால், புகை கடல் பக்கம், கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் மணி எதற்கு? மணி அடித்ததே!

*

கொட்டகையில் பதில் கிடைக்காததால் எல்வா வெர்னாவின் காரை எடுத்துக்கொண்டு நேரே மாவட்டத் தலைநகருக்குப் போனாள். தகவல் அறை கோர்ட்டுக் கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட அதிகாரியிடம், "ஷானாங்கறவளக் கூப்பிடு," என்றாள்.

உள்ளேயிருந்து சின்னதாக, வெளிறிப்போன ஒரு பெண் வந்தாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. குரலை வைத்து எல்வா ஏதோ வாட்டசாட்டமான பெண் என்று மனதில் வைத்திருந்தாள். ஒரு நொடி அவளுக்குக் கோபம் பிசகியது. பிறகு பிடித்துக்கொண்டாள்.

"நீதானா ஷானா?"

"ஆமா, மிஸ்ஸஸ் பீல்." முகம் தெரியாவிட்டாலும் அவளுக்கும் குரல் தெரிந்துவிட்டது. உடனே அழ ஆரம்பித்தாள்.

"அழாத. இப்ப அழுது என்ன பிரயோசனம்? என் வீட்டு மணி உன்கிட்ட வந்துச்சா?"

"வந்துச்சு."

"வந்தா மொதல்ல சாவிக்காரங்களக் கூப்பிடணும். அது சட்டம். நானே நின்னு கொண்டுவந்த சட்டம். என்னக் கூப்பிட்டியா?"

"இல்ல."

"கூப்பிட்டு ஆள் இல்லைன்னா வண்டிய அனுப்பணும். அனுப்புனியா?"

"இல்ல."

"அங்க ஒரு மனுசன் வெந்துக்கிட்டுக் கெடந்தான்டி! உனக்குச் சம்பளம் எதுக்குக் குடுக்கிறாங்க?"

அறையில் மற்றவர்கள் காதில் மாட்டியிருந்த போன் கருவியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். அதிகாரி நடுவில் வந்து, "ஷானா, நீ உள்ள போ. நான் பேசிக்கிறேன்," என்றான்.

"அவ ஏன் போகணும்? நிக்கட்டும். பதில் சொல்லட்டும்."

"என்னச் சொல்லவேண்டாம்னாரு ஆரின்," என்றாள் ஷானா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"ஆரினா? அவனுக்கும் இதுக்கும் என்ன?"

"அன்னிக்குச் சாயங்காலமே இங்க வந்தாரு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. எல்வாகிட்ட மட்டும் யாரும் மூச்சு விடக்கூடாதுன்னாரு."

"எதை?"

பெண் அதிகாரியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்கதான் கூப்பிட வேணாம்னீங்க, மிஸ்ஸஸ் பீல்."

"யாரு? நானா? என் வீடு எரியறப்ப கூப்பிட வேணாம்னு நானா சொன்னேன்? என்னடி ஒளர்றே!"

"டாக்டர் வீட்டு மணிக்குக் கூப்பிட்டேன்ல, அப்ப. 'இன்னிக்குக் காத்து, கண்ணு. கரைச் சாலையில எந்த வீட்டு மணி வந்தாலும் பொய்யின்னு போட்டுரு. சும்மாச் சும்மா என்னயும் கூப்பிட்டு உசுர வாங்காத, நான் ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டுத்தான் வர்றேன்'னீங்க. எல்லா வீட்டுக்குமான்னு கேட்டேன். நான் கேட்டேன், மிஸ்ஸஸ் பீல், சத்தியமாக் கேட்டேன். 'எல்லா வீட்டுக்கும்தான். அந்தக் கரையில இப்ப ஈ காக்கா இல்ல'ன்னு சொல்லிச் சிரிச்சீங்க."

"நான் அப்படிச் சொல்லல," என்றாள் எல்வா.

"அப்புறம் என் பல்லு வலிக்குக் கிராம்பு வச்சுக் கடிச்சுக்கச் சொன்னீங்க."

கிராம்பு. அதைச் சொன்னது எல்வாவுக்கு ஞாபகமிருந்தது. டாக்டர் வீட்டுப் படியில், ஒரு கையில் சாவிக்கொத்து, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போன், சட்டைக்குள் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கிராம்புக்கு முன்னால் தான் சொன்னது இப்போது வார்த்தை வார்த்தையாகத் திரும்பி வந்தது. அவள் குரலிலேயே வந்தது. சிரிப்போடு வந்தது.

இத்தனை வருஷம் அந்தக் கரையைப் பற்றி யார் கேட்டாலும் அவள் சொல்கிற சொல்தான் அது. குளிர்காலத்தில் அங்கே யாருமில்லை. கடைசி வீட்டில் இருக்கிற இரண்டு பேர் கணக்கில் வருவதில்லை. அவர்கள் கோடைக்காரர்கள் இல்லை. அவர்கள் வீட்டுச் சாவி ஆணியில் தொங்குவதில்லை.

எல்வா பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். அது சக்கரம் வைத்த நாற்காலி, நகர்ந்தது. அதிகாரி அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டான். தண்ணீர் வேண்டுமா என்றான். என்ன கேட்கிறான் என்றே அவளுக்கு விளங்கவில்லை. கடவுளே, தன் வாயாலா? தன் வாயாலேயேவா?

"வேலைய விட்டு எடுத்துருவாங்களாம்," என்றாள் ஷானா. "பரவால்ல. நான் கூப்பிட்டிருக்கணும். ஒரே ஒரு தடவ கூப்பிட்டிருக்கணும்."

எல்வா அவளுடைய வீங்கின கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

திரும்பி வரும்போது ஆரின் கொட்டகை வாசலில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தான். காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"யார் சொன்னா?"

"காலையில அந்தப் பேச்சுப் பேசினேனே. எதுக்குடா வாங்கிக்கிட்டீங்க?"

"சொன்னா வீடு திரும்பி வந்துருமா? எங்களத் திட்டினா உனக்குக் கொஞ்சம் ஆறும்னு நெனச்சோம். நாங்க அஞ்சாறு பேரு, பங்கு போட்டுக்கலாம்."

"அந்தப் பொண்ணுக்கு வேல போகுமாம்."

"அத நான் பேசிக்கிறேன்." கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் குனிந்தான். "மெர்ல்கிட்டச் சொல்லாத எல்வா. அவன் எங்களயே திட்டிட்டுப் போகட்டும். நீங்க ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கணும்."

எல்வா கண்ணாடியை ஏற்றினாள்.

வெர்னாவின் வீட்டில் முன்னறையில் கட்டில் போட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி இருந்ததே மெர்லுக்கு ஜாஸ்தி. கத்தி, சண்டை போட்டு வந்துவிட்டான். இரண்டு கையும் முழங்கை வரை வெள்ளைத் துணிப் பொதி. குரல் புகையில் கரகரத்துப் போயிருந்தது. அந்தக் குரலிலேயே திட்டிக்கொண்டிருந்தான்.

"வந்துட்டியா? அந்த டுவைட்டு பய மட்டிச் சூப்பு கொண்டாந்தான். வாசலோட திருப்பி அனுப்பச் சொல்லிட்டேன். நாளைக்கு நான் செத்தா எவனும் பொட்டியத் தொடக்கூடாது, கேட்டுக்க."

"கேட்டுக்கிட்டேன்."

"மார்ச்சு வரட்டும். என்ன நாற்காலியோட தூக்கிட்டாவது போ. கூட்டத்துல நிப்பேன். இல்ல, நிக்க முடியாது, உக்காந்துக்கிட்டே கேப்பேன். மணி அடிச்சும் வண்டிய எடுக்காத நாய்க்குத் தலைவன் பதவி எதுக்குன்னு கேப்பேன். ஆரினக் கீழ எறக்காம விடமாட்டேன். முப்பது வருஷம் எல்வா! அவன் மச்சான் கொட்டாய் எரிஞ்சப்ப உள்ள போனவன் யாரு? நானு."

வெர்னா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "மூச்ச விடு மெர்ல்," என்றுவிட்டு உள்ளே போனாள். உருளைக்கிழங்கு வேகிற வாடை வந்தது.

எல்வா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம். ஊரே வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறது, வெர்னாவுக்குக்கூடத் தெரியாது. மார்ச்சில் மெர்ல் கேட்பான், ஆரின் எழுந்து தப்பு எங்களுதான் என்று சொல்வான், கைகள் உயரும். ஆரின் அதையும் வாங்கிக்கொண்டு போய்விடுவான். அவன் அப்படிப்பட்டவன்தான்.

"அவங்க தப்பில்ல," என்றாள்.

"எவங்க?"

"ஆரினும் பசங்களும். அவங்களுக்கு மணி போகவேயில்ல. மாவட்டத்துலயே நின்னுபோச்சு."

"எவன் நிப்பாட்டினான்?"

"நான்."

மெர்ல் அவளைப் பார்த்தான். கேலி என்று நினைத்தவன் மாதிரி வாயோரம் கொஞ்சம் இழுத்தது. அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டது.

"காத்துன்னு சொன்னேன். கரைச் சாலையில எந்த மணி வந்தாலும் பொய்யின்னு போட்டுக்கச் சொன்னேன். எல்லா வீட்டுக்குமான்னு அந்தப் பொண்ணு கேட்டா. எல்லாத்துக்கும்தான், அங்க ஈ காக்கா இல்லைன்னேன்." கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள். "நம்ம வீடு அந்தச் சாலையிலதான் இருக்குன்னு எனக்குத் தோணவேயில்ல மெர்ல். நீ அங்க இருக்கேன்னு தோணவேயில்ல."

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"ஆரினுக்குத் தெரியுமா?" என்றான் மெர்ல்.

"எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டானுங்க?"

"ம்."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். திட்டுவான் என்று எல்வா காத்திருந்தாள். திட்டினால் தேவலை. துணிப் பொதிக் கைகள் போர்வைமேல் ஏறி இறங்கின.

"நான் கத்தினேன்," என்றான். "முத்தத்துக்கு ஊர்ந்து வந்ததும். அவனுங்களக் கூப்பிடல. அவனுங்கதான் எப்படியும் வந்துருவானுங்களே. உன்னத்தான் கூப்பிட்டேன். டாக்டர் வீட்டு மாடியில ஜன்னல் தொறந்து கெடந்துச்சு. உன் தல தெரிஞ்சுது. எல்வா, எல்வான்னு தொண்ட கிழியக் கத்தினேன். நீ பாத்த. பாத்துட்டு ஜன்னலச் சாத்தின."

புகையைப் பார்த்துத் தான் சொன்ன வார்த்தை எல்வாவின் நாக்கில் வந்து நின்றது. அதை அவனிடம் சொல்லவில்லை.

அப்போது அவள் கோட்டுப் பையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

"மிஸ்ஸஸ் எல்வா பீல்? மாவட்டத் தகவல் அறை." புதுக் குரல், ஆண் குரல். கோடைக்காரர்கள் யாரும் இன்னும் பெயரை மாற்றவில்லை. "கரைச் சாலையில ஒரு வீட்டுல தீ மணி. சாவி உங்ககிட்ட இருக்கறதாப் போட்டிருக்கு. வீட்டுல யாராவது இருக்காங்களா மேடம்?"

கையிலிருந்த கொத்து கோட்டோடு தொலைந்தது, மிச்சச் சாவிகள் ஒரே கட்டியாக உருகிச் சாம்பலுக்குள் கிடக்கின்றன என்று சொல்ல நினைத்தாள். ஜன்னலுக்கு வெளியே காற்று அடங்கி, வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"தெரியாது," என்றாள்.

"பொய் மணிதானா மேடம்? நீங்கதான் சொல்லணும்."

"தெரியாதுன்னு சொன்னேன்ல. வண்டிய அனுப்பு."

"உறுதியாத் தெரியலைன்னா சட்டப்படி..."

"சட்டம் எனக்குத் தெரியும். நெசம்னு போட்டுக்க. அனுப்பு!"

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் குன்றுக்குப் பின்னாலிருந்து சங்கு எழுந்தது. பெரிதாகிக்கொண்டே வந்து வெர்னாவின் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர வாசலைக் கடந்து, கரைச் சாலைப் பக்கம் திரும்பியது. மெர்ல் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, அது முழுக்கத் தேய்ந்து போகிறவரை கேட்டுக்கொண்டிருந்தான்.

"இந்தச் சத்தத்துக்குத்தான்," என்றான், அவளைப் பார்க்காமல், "அன்னிக்கு ஒரு காதத் தரையில வச்சுக்கிட்டுக் கெடந்தேன்."